புதுப்பிப்பு: அப்பாவுக்கு மட்டும் ஏன் ஸ்டீராய்டு?

பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்பாவுக்கும் ஒரே ஐ.எல்.டி. (நுரையீரல் திசுவில் அழற்சியோ தழும்போ உண்டாக்கும் நோய்களின் பொதுப்பெயர்) தானே, அவருக்குத் தழும்பு பரவுவதை மெதுவாக்கும் பிர்ஃபெனிடோன், அப்பாவுக்கு ஏன் ஸ்டீராய்டு என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எங்கள் பால்கனியிலேயே இருந்திருக்கிறது. புறாக்கள்! எச்சத் தூசியால் வந்த ஒவ்வாமை அழற்சியாம்; அதைத் தணிக்கத்தான் ஸ்டீராய்டு. நுரையீரல் மருத்துவரும் ரேடியாலஜிஸ்டும் சேர்ந்து உட்கார்ந்து சி.டி. ஸ்கேனைப் பார்த்துச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருடையது காரணம் தெரியாத தழும்பு வகை, ஐ.பி.எஃப். அந்த வகைக்கு ஸ்டீராய்டு, அசாதியோப்ரின் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து), அசிடைல்சிஸ்டீன் (சளியை இளக்கும் மருந்து) மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு கூடுவதை 2012இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. (நல்லவேளை, ஒருவர் மாத்திரையை மற்றவர் கடன் வாங்கவில்லை.)

அப்புறம், ஸ்டீராய்டையும் மீறித் தழும்பு பரவினால், அதை மெதுவாக்கும் நின்டெடானிப் என்ற மருந்தைச் சேர்ப்பார்களாம். பால்கனிக்கு வலை கட்டியாயிற்று. முன்பு மாடி ஏற மூன்று முறை நின்ற அப்பா, இப்போது ஒருமுறைதான் நிற்கிறார்.