சுவரொட்டியில் 800 என்று போட்டது தப்பா?

கடைசிவருடம்:
நேற்று வேறொரு திரியில் கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. அதனால் தனித் திரியாகவே போடுகிறேன். நாங்கள் நர்சிங் மாணவிகள். பிரசவ அறையில் ரத்தப்போக்கை அளக்க, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு எல்லாப் பிரசவத்துக்கும் வேண்டும் என்று கையெழுத்து வாங்கி, பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் மனு கொடுத்தோம். கூடவே ஒட்டிய சுவரொட்டியில் "உலகில் தினமும் 800 தாய்மார்கள் பிரசவத்தில் இறக்கிறார்கள்" என்று எழுதியிருந்தோம். அதன் படத்தைப் பார்த்துவிட்டு ஐயா எழுதியது இது: "ஒரு எண்ணைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் படிக்கட்டும்."

ஐயா, நாங்கள் படித்ததால்தான் கேட்கிறோம். பயிற்சிக்கூடத்தில் 500 மில்லி சிவப்புத் தண்ணீரை ஒரு துணியிலும் இரண்டு பஞ்சுத் திண்டிலும் ஊற்றி வைத்து, எவ்வளவு இருக்கும் என்று எங்கள் வகுப்பைக் கேட்டார்கள். நான் 300 என்றேன். பக்கத்தில் இருந்தவள் 200 என்றாள். 500ஐத் தொட்டவர் ஒருவரும் இல்லை. 500 மில்லியைத் தாண்டினால் அது ஆபத்தான ரத்தப்போக்கு என்று புத்தகத்தில் படித்துவிட்டு, கண்ணால் பார்த்து 200 என்று எழுதினால் அந்தத் தாயின் கதி என்ன?

கணக்குப்பிள்ளை:
துணி, தண்ணீர் எல்லாம் இருக்கட்டும். 800 தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் இறந்த தாய்மார்கள் சுமார் 2,60,000 பேர். 365ஆல் வகுத்தால் 712. எட்டாம் வகுப்புக் கணக்கு.

கடைசிவருடம்:
2020க்கு அதே நிறுவனம் சொன்னது 2,87,000. அதையும் 365ஆல் வகுத்துப் பாருங்கள், 786 வரும். அதைத்தான் 800 என்று போட்டோம். எங்கள் பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
2020 போய்விட்டது. உங்கள் சுவரொட்டி "இறக்கிறார்கள்" என்கிறது, "இறந்தார்கள்" என்று சொல்லவில்லை. 712.

சும்மா_படிக்கிறேன்:
ஒரு சந்தேகம். பிரசவத்தில் இறப்பது என்றால் பிரசவ அறையில் நடப்பது மட்டுமா? கர்ப்ப காலத்தில் நேர்வதும், கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள் நேர்வதும் இந்தக் கணக்கில் சேரும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் சுவரொட்டியில் "பிரசவத்தில்" என்று போட்டது சரியா? முதலில் எதை எண்ணுகிறோம் என்று பேசிவிட்டு எண்ணுக்குப் போகலாமே.

கடைசிவருடம்:
கணக்குப்பிள்ளை ஐயா, போய்விட்ட வருடம் வேண்டாமா, சரி. அதற்கு அடுத்த 2021ஐ எடுங்கள். கொரோனா சமயத்தில் 3,22,000 பேர். தினம் 880க்கு மேல் வருகிறது. அப்போது நாங்கள் 800 என்று போட்டிருந்தால் குறைத்துச் சொன்னோம் என்று வந்திருப்பீர்களா? வந்திருக்க மாட்டீர்கள். மாணவர்கள் வாய் திறப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கவில்லை, எண் ஒரு சாக்கு.

கணக்குப்பிள்ளை:
வந்திருப்பேன். புள்ளிவிவர வேலையிலேயே முப்பது வருடம் இருந்தவன் நான். எத்தனை நல்ல மனுக்கள் ஒரு தப்பான எண்ணால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். மறுக்க நினைக்கும் அதிகாரி விரிப்பைப் பற்றிப் பேசமாட்டார், "உங்கள் 800 எங்கிருந்து வந்தது" என்றுதான் கேட்பார். அதை நான் முன்னாலேயே கேட்கிறேன்.

மருந்துச்சீட்டு:
தடுப்பூசித் திரியில் தசமப் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு இரண்டு நாள் ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டவர் இதே கணக்குப்பிள்ளைதானே? மறந்துவிட்டோம் என்று நினைத்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
அது தட்டச்சுப் பிழை. மருத்துவ மாணவர் நீங்கள், மாணவர் பெருமை பேச வருமுன் வரலாறு படியுங்கள். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் 100க்கு 11 தாய்மார்கள் காய்ச்சலில் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்தவர்கள் அவர்கள்தான். மாணவர் கை எங்கெல்லாம் போகக்கூடாது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

மருந்துச்சீட்டு:
பேராசிரியர்களும் அதே கையோடுதான் வந்தார்கள். மாணவர்களை மட்டும் ஏன் இழுக்கிறீர்கள்? 1847இல் அங்கே வேலை பார்த்த மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னதும் அதே மாணவர்கள் கழுவினார்கள், சாவு சரிந்தது. கேட்க மறுத்து அவரை ஏளனம் செய்தவர்களில் பெரிய மனிதர்கள்தான் அதிகம்.

இரவுப்பணி:
இருவரும் பாதிக் கதை சொல்கிறீர்கள். பக்கத்திலேயே இரண்டாவது பிரிவு இருந்தது. அங்கே பிரசவம் பார்த்தவர்களும் மாணவிகள்தான், மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டவர்கள். அதே 1846இல் அங்கே 100க்கு 3 பேர்கூட இறக்கவில்லை. அவர்கள் பிண அறைக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மருத்துவச்சிகளின் பேச்சு வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஞாபக மறதி வந்துவிடுகிறது.

மருந்துச்சீட்டு:
அக்கா, இதில் டாக்டர், நர்ஸ் சண்டையை ஏன் கொண்டுவருகிறீர்கள்?

இரவுப்பணி:
கொண்டுவந்தது நானா? "அதே மாணவர்கள் கழுவினார்கள்" என்று பெருமைப்பட்டது யார்? பிரசவ அறையில் 22 வருடம் நின்றிருக்கிறேன் தம்பி. ரத்தப்போக்கை முதலில் பார்ப்பது யார், குறிப்பேட்டில் யார் பெயர் ஏறும் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
வியன்னாவிலிருந்து திரும்பி வருவோம். 800 தவறு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கடைசிவருடம்:
சொல்லமாட்டோம். நீங்கள் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு எங்கள் மனுவின் உள்ளே இருந்த எண்களைத் தொடவே இல்லை, அதனால் நானே எடுத்துப் போடுகிறேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் ஏறக்குறைய 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் பார்த்த ஆய்வு, 2023இல் வெளிவந்தது. வழக்கம்போல் கண்ணால் பார்த்த இடங்களில், ரத்தப்போக்கு வந்த 100 பேரில் 51 பேருக்குத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. விரிப்பு போட்ட இடங்களில் 93. அதாவது பழைய முறையில் பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள். தப்பிவிடுகிறார்கள் என்றால் பிழைத்தார்கள் என்று அர்த்தமில்லை, நம் கண்ணுக்குத் தப்பிவிட்டார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 4.3ஆக இருந்தது 1.6 ஆனது.

இன்னொன்றும் சொல்கிறேன். போன மாதம் ஒரு பிரசவத்தில் உதவிக்கு நின்றேன். குழந்தை அழுதுவிட்டது, எல்லோருக்கும் முகத்தில் சிரிப்பு. அந்த அம்மா மட்டும் "குளிருகிறது" என்று இரண்டு முறை சொன்னார். நான் போர்வை எடுக்கப் போனேன். மூத்த சிஸ்டர் போர்வையை வாங்கவில்லை, இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை ரத்தம். முன்பக்கம் துணியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் முதுகுக்கு அடியில் தேங்கியிருந்தது. அவர் பிழைத்தார், அந்த சிஸ்டரின் கை பிழைக்க வைத்தது. எல்லாப் பிரசவத்திலும் அப்படி ஒரு கை இருக்காது. அதற்காகத்தான் அந்த விரிப்பைக் கேட்கிறோம். மனு கொடுத்த அன்று "மாணவிகளுக்கு எதற்கு இது" என்று சிரித்தார்கள். அதே வாக்கியத்தை இங்கேயும் கேட்டால் கோபம் வராதா?

இரவுப்பணி:
பெண்ணே, நீ சொன்னது உண்மை, ஆனால் விரிப்பு தனியாக யாரையும் காப்பாற்றாது. அந்த ஆய்வில் ரத்தம் விரிப்பின் கோட்டைத் தாண்டியவுடன் கர்ப்பப்பையை அமுக்கி விடுவது, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தம் உறைவதற்கு உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பிறப்புவழியில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் அறையில் வைத்த மருந்து தண்ணீருக்குச் சமம். உங்கள் மனுவில் குளிர்பெட்டி இருக்கிறதா?

கடைசிவருடம்:
இல்லை அக்கா. ஒன்றைக் கேட்டாலே சிரிக்கிறார்கள், ஐந்தைக் கேட்டால்?

இரவுப்பணி:
ஐந்தையும் கேட்டிருக்க வேண்டும். எங்கள் காலத்தில் கேட்காமல் விட்டதால்தான் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஆக மனுவிலும் குறை, சுவரொட்டியிலும் குறை. 712.

மருந்துச்சீட்டு:
தினம் 88 பேர் கூடுதலாகப் போட்டதால் எந்தத் தாய்க்கு என்ன கேடு வந்தது?

கணக்குப்பிள்ளை:
அந்த 88 பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற யாரோ எங்கோ வேலை செய்திருக்கிறார்கள். 2000இல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைக்கு 328 தாய்மார் சாவு, 2023இல் 197. நீங்கள் 800 என்று போடும்போது அந்த உழைப்பை அழிக்கிறீர்கள். இதைச் சொன்னால் நான் மாணவர்களுக்கு எதிரியா?

கடைசிவருடம்:
இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் ஐயா. "படிக்கிற பிள்ளைகள் படிக்கட்டும்" என்றுதான் ஆரம்பித்தீர்கள். நீங்கள் சொல்லும் 197ஐ 2030க்குள் 70க்குக் கீழே கொண்டுவருவதாக உலக நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. இப்போது இறங்கும் வேகத்தில் அது நடக்காது. அந்த வாக்கைக் கொடுத்தவர்களிடம் இவ்வளவு கறாராக எண் கேட்டிருக்கிறீர்களா?

சும்மா_படிக்கிறேன்:
42 நாள் விஷயம்?

கணக்குப்பிள்ளை:
அவர்களிடமும் கேட்பேன். முதலில் சுவரொட்டியை மாற்றினீர்களா?

கடைசிவருடம்:
அடுத்த சுவரொட்டியில் எண்ணே கிடையாது. விரிப்பின் படத்தையும் அதில் இருக்கும் கோட்டையும் பெரிதாகப் போடுகிறோம்.

கணக்குப்பிள்ளை:
தவறு என்று தெரிந்ததால்தானே எண்ணை எடுத்தீர்கள்?

கடைசிவருடம்:
படத்துக்கு இடம் வேண்டும் என்பதால் எடுத்தோம். எனக்கு ஏழு மணிக்கு வார்டு. வந்து பதில் சொல்கிறேன்.