சோலார் மானியம் என்று வரும் போன்: எந்த இடத்தில் பிடிபடும்?

பேனல் பொருத்தும் வேலையில் இருப்பவர்:

"சார், பிரதமர் சூர்யகர் திட்டத்துல உங்க வீடு செலக்ட் ஆகியிருக்கு. 78,000 மானியம், இன்னைக்கு ராத்திரியோட க்ளோஸ். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1,999 மட்டும் போடுங்க."

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் இந்தத் திட்டத்தில் வீட்டை யாரும் செலக்ட் செய்வதில்லை, நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். அரசுத் தளத்தில் பதிவு செய்யக் கட்டணமும் இல்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம், 2026-27 நிதியாண்டு வரை அறிவித்திருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடிக்கே ஒரு மாதம் கொடுக்கும் ஊரில் இவருக்கு மட்டும் என்ன ராத்திரிக் கெடு?

எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: "5 கிலோவாட் போட்டா மானியம் எவ்வளவு?" முதல் 2 கிலோவாட்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் 30,000 வீதம், மூன்றாவதற்கு 18,000. 78,000-க்கு மேல் பைசா ஏறாது. "ஒன்றரை லட்சம் வரும்" என்றால் போனை வைத்துவிடலாம்.

இன்னொரு கேள்வி: "கரண்ட் போனா லைட் எரியுமா?" பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (ஈபி லைனோடு இணைந்து ஓடும்) இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. "பேட்டரி வேண்டாம், ஆனா கரண்ட் போனாலும் ஓடும்" என்பவருக்கு வேலை தெரியாது, அல்லது தெரிந்தே புளுகுகிறார்.

மின் இணைப்பு, பில் விவரம் தெரிந்தவர்:

பலர் ஏமாறுவது வேறு இடத்தில். "பில் தொகையையும் அப்பா பேரையும் சரியா சொன்னாரே, அப்போ ஈபி ஆபீஸ்தானே?" மின் இணைப்பு எண் கையில் இருந்தால் பணம் கட்டும் எந்த ஆப்பிலும் பெயரும் பாக்கியும் வந்து நிற்கும். கேட்டுக்கு வெளியே கிழித்துப் போட்ட பழைய ரசீதில் அந்த எண் இருக்கிறது. அதைச் சொன்னதால் அவர் ஈபி ஆபீஸின் ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) ஆகிவிட மாட்டார்.

இங்கே பல வீடுகளில் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே ஓடுகிறது. மானியம் வாங்க விண்ணப்பிப்பவர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் பெயர் மாற்றம் உண்மையிலேயே தேவைப்படும். அந்த உண்மையைக் கொக்கியாக்கி, "நாங்களே மாத்தித் தரோம், 2,500 அனுப்புங்க" என்பார்கள். பெயர் மாற்றத்தை மின் பகிர்மானக் கழகத்தின் தளத்திலோ செக்‌ஷன் ஆபீஸிலோ செய்துகொள்ளுங்கள். உங்கள் லைனில் சோலாரை இணைக்க முடியுமா என்று பார்க்க "சாத்தியக்கூறு ஆய்வுக் கட்டணம்" கேட்பதும் இதே ரகம். 10 கிலோவாட் வரை தனி ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது 2024-இல் திருத்திய மத்திய விதி. மீட்டருக்கு எந்தக் கட்டணம் வந்தாலும் அது கழகத்தின் கணக்குக்கு, ரசீதோடு போக வேண்டும்.

பேனல் பொருத்துபவர், மறுபடியும்:

போன் செய்யும் எல்லோரும் திருடர்கள் இல்லை. பதிவுபெற்ற நிறுவனங்களும் ஆள் வைத்துக் கூப்பிடுகின்றன. வேலையின் வரிசையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். விண்ணப்பம், நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, மாடியை அளப்பது, ஒப்பந்தம், பொருத்துவது, நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்), பரிசோதனை. இத்தனையும் முடிந்து, பேங்க் விவரத்தைத் தளத்தில் நீங்களே ஏற்றிய பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு நேராக வரும். மாடியைப் பார்க்காமல் பணத்தைப் பற்றிப் பேசுபவர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்.

நிறுவனப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். அரசுத் தளத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா பார்த்து, அங்குள்ள எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பது ஒப்பந்தம் கையில் வந்த பிறகு, நிறுவனத்தின் பேங்க் கணக்குக்கு மட்டும். தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு வேண்டாம். மானியத்துக்கு உள்நாட்டு சோலார் செல்லில், உள்நாட்டிலேயே செய்த பேனல்தான் செல்லும். இதை டிசிஆர் பேனல் என்பார்கள். "அதே வாட், விலை கம்மி" என்று வேறு பேனலை மாட்டிவிட்டால் மானியம் போச்சு. பேனல் வரிசை எண்களைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அளவிலும் ஏமாற்று உண்டு. 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். இரண்டு மாதத்தில் 250 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் எதற்கு?

பேங்க் மோசடிப் புகார்களைக் கையாள்பவர்:

1,999 சின்ன மீன். பெரியது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமலே போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். சூர்யகர் என்று பெயர், அசோகச் சின்னம், நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி முழுக்க அவர்கள் கைக்குப் போகும். சிலர் *401* போட்டு ஒரு பத்து இலக்க எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். உங்களுக்கு வரும் கால்கள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். ##002# அடித்தால் ரத்தாகும். "மானியத்தை வாங்க பின் போடுங்க" என்றாலும் ஏமாற்றுதான், பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை.

அந்த ஏபிகே ஃபைலை நிறுவிவிட்டீர்களா? முதலில் ஏரோப்ளேன் மோட், வைஃபையும் நிற்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், அடுத்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930. அங்கே 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டால் நேரம் மிச்சம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால் முடக்க வழியுண்டு. வந்த எஸ்எம்எஸ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.