மேற்குச் சுவரில் ஏறிய கோவைக்கொடி

அயனாவரம்:
எங்கள் வீட்டுக்கு மேற்கே காலிமனை. மதியம் 2 மணிக்கு மேல் வெயில் முழுக்க அப்பா படுக்கும் அறைச் சுவரில்தான் விழும். 9 அங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி நெடுநேரம் கக்கும். கடற்காற்று வந்த பிறகும் அந்த அறை மட்டும் ஆறாது. "அடுப்புமேல படுத்த மாதிரி இருக்கும்மா" என்பார்.

முதல் வருஷம் தையில் சுவரோரம் வலை கட்டி, நிழலுக்காகப் பீர்க்கும் புடலையும் விதைத்தேன். பங்குனியில் வலை நிறையக் கொடி, காயும் வந்தது. ஆனால் மே 4ஆம் தேதி கத்திரி வெயில் பிறப்பதற்குள் அடி இலையெல்லாம் காய்ந்துவிட்டது. நிழல் வேண்டிய நேரத்தில் வெறும் வலைதான் தொங்கியது. அவை நாலைந்து மாதத்தில் ஓய்ந்துவிடும் பயிர் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து கோவைக்காய். இது வருஷக்கணக்கில் நிற்கும். விதை போடாதீர்கள், ஆண் கொடி வந்தால் காய்க்காது. நன்றாகக் காய்க்கும் கொடியிலிருந்து பென்சில் பருமனில் முற்றிய தண்டு கேட்டு வாங்கினேன். ஆடியில் சந்தில் டிரம் வைத்து ஊன்றினேன். தையில் கொடியை வெட்டிக் கவாத்து செய்ததும் துளிர்த்து, சித்திரையில் சுவரை மூடிவிட்டது. வலையைச் சுவரிலிருந்து 1 அடி தள்ளிக் கட்டுங்கள். நடுவில் காற்று ஓட வேண்டும், ஒட்டிக் கட்டினால் சுவர் ஓதம் அடிக்கும். இந்தக் கத்திரியில் தொட்டுப் பார்த்தேன்: வெயில் படும் சுவரில் கை வைக்க முடியவில்லை, கொடிக்குப் பின்னால் வெதுவெதுப்புதான். அப்பா மதியம் தூங்குகிறார். எனக்கு அது போதும்.

ஆதம்பாக்கம்:
அக்கா, எங்கள் ஃப்ளாட்டில் மண்ணே கிடையாது. செடி வளர்க்கும் பையில் (க்ரோ பேக்) கொடிப்பசலை வைத்து ஜன்னல் கம்பியில் ஏற்றினேன். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை வெடித்து ஜன்னல் அடைத்துக்கொண்டது. வாரம் ஒருநாள் பருப்புப் போட்டுக் கடைசல். கத்திரியில் காலை, மாலை இருவேளையும் தண்ணீர் கேட்கும். அரிசி களைந்த தண்ணீர், ஏசி தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். பழம் பழுத்தால் பறித்துவிடுங்கள், தரையில் விழுந்து கருஞ்சிவப்பாகக் கறை பிடிக்கும்.

திருவான்மியூர்:
அக்கா சொன்ன தைக் கவாத்தை நம் சென்னையில் ஐப்பசிக்கே மாற்றிக்கொள்ளலாம் என்பேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் கொடி மூடிய வலை கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடித்து, கம்பத்தோடு பிய்ந்து ஜன்னல் கண்ணாடியில் மோதியது. உள்ளே குழந்தைகள். அதன்பிறகு மழைக்கு முன்பே கொடியை 2 அடிக்கு வெட்டி வலையைக் கழற்றி வைத்துவிடுகிறேன். கார்த்திகை, மார்கழிக்கு நிழல் எதற்கு? தை வெயில் ஏறியதும் அதே அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிடுகிறது.