கென்யா சஃபாரி: ஏழு நாளில் ஐந்து காடு சரிப்படுமா?

அண்ணாநகர்_மதுரை
மே லீவில் கென்யா போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், அப்பா (வயது 67, முதுகு வலி உண்டு). ஏஜென்ட் ஏழு நாளில் மசாய் மாரா, நகுரு, அம்போசெலி, சாவோ, அப்புறம் டான்சானியாவில் செரங்கெட்டி என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். நாங்கள் பார்த்த ஒரே காடு தேக்கடி, அதிலும் படகில் போய் நாலு பன்றியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

திருநகர்வாசி
முதலில் செரங்கெட்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மேப்பில் மாராவோடு ஒட்டிக்கொண்டுதான் தெரியும், ஆனால் அந்த இடத்தில் சுற்றுலா வண்டியைத் தாண்ட விடமாட்டார்கள், இசெபானியா எல்லைச்சாவடி வழியாகச் சுற்ற வேண்டும், விசாவும் தனி. நைரோபியிலிருந்து மாராவுக்கே ஐந்தாறு மணி நேரம், காட்டுக்குள் முழுக்க மண் பாதை. அப்பாவைக் கடைசி சீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மே மாதம் அங்கே மழை. வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் மாராவுக்கு வருவது ஜூலை வாக்கில், அக்டோபர் வரை இருக்கும். பையனின் காலாண்டு லீவுக்கு மாற்ற முடிந்தால் பாருங்கள். செலவு ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன்: மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200.

நாங்கள் செப்டம்பரில் போனோம். அந்தக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க மாரா ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். முன்னால் நிற்கும் ஒன்று தண்ணீரில் கால் வைக்கும், முகர்ந்து பார்க்கும், திரும்பிவிடும், பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு வந்த அத்தனையும் கூடவே திரும்பிவிடும். அழகர் இறங்குவதற்காவது நேரம் போட்டு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். மறுநாளும் போய் நின்றோம், அன்றைக்குத்தான் இறங்கின. ஒரே இரவு தங்கியிருந்தால் வெறும் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருப்போம். அதனால் மாரா மூன்று இரவு, அம்போசெலி இரண்டு இரவு. அங்கே யானைகள் சதுப்பில் வயிறு வரை இறங்கி நின்று மேயும், கிளிமஞ்சாரோ மலையைப் பார்க்க விடியற்காலையிலேயே எழுந்துவிடுங்கள், அப்புறம் மேகம் மூடிக்கொள்ளும். காண்டாமிருகம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் நகுருவில் ஒரு இரவு. சாவோ பெரிய காடு, இந்த அவசரத்தில் வேண்டாம்.

ஒத்தக்கடை_பையன்
அண்ணே, அப்பா முதுகை நினைத்தால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குத்தான் என் ஓட்டு. முக்கியமான பாதைகள் எல்லாம் தார் ரோடு, வாடகைக் காரை நாமே ஓட்டலாம், முகாமிலேயே சமைக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, புல் காய்ந்து மிருகம் நன்றாகத் தெரியும். ஆனால் மாரா மாதிரி திறந்த வெளி கிடையாது, புதருக்குள் சிறுத்தை படுத்திருந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். இருட்டுவதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அபராதம்.

தெப்பக்குளம்
யாரும் சொல்லாத விஷயம், கென்யா போய்த் திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே வந்து இறங்கியதும் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 தாண்டியவர்களுக்கு அதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல், அப்பாவை டாக்டரிடம் காட்டாமல் டிக்கெட் போடாதீர்கள். க்ரூகருக்கு நேராகப் போய்வந்தால் இந்தத் தொல்லை இல்லை. மலேரியா மாத்திரை பற்றி மட்டும் இரண்டு இடத்துக்கும் கேளுங்கள். கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை, பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம்.

அண்ணாநகர்_மதுரை
செரங்கெட்டி, சாவோ இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். லீவைக் காலாண்டுக்கு மாற்றுகிறோம். திங்கட்கிழமை அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், ஊசி வேண்டாம் என்றால் க்ரூகர். முறுக்கைத் தூக்குவாளியில் எடுத்துப் போனால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்தானே?