தரைவீட்டில் அடைகாப்பான் வைத்துக் குஞ்சு பொரிக்கலாமா? – விவாதம்

செம்பவாங் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள எங்கள் தரைவீட்டின் (அடுக்குமாடியல்லாத தனிவீட்டின்) பின்கட்டில் நான்கு பெட்டைக் கோழிகள் வளர்க்கிறோம். விதிப்படி கூரையும் வலையும் போட்டு, வெளிப்பறவை எதுவும் நுழைய முடியாதபடி கட்டிய கொட்டில்தான். ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து, சிறிய மின் அடைகாப்பான் (இன்குபேட்டர்) ஒன்றில் பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டைகளை வைத்துப் பார்க்க எண்ணியிருக்கிறோம். சேவலோடு கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர் கருக்கூடிய முட்டைகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேரங்காடியில் தட்டுத்தட்டாக முட்டை வாங்கிப் பழகிய பிள்ளைகள், 21 நாளில் அந்த ஓட்டுக்குள் ஓர் உயிர் உருவாவதைக் கண்ணால் பார்ப்பதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் இருக்க முடியாது என்பது என் கருத்து. என் கணவர் மட்டும் தயங்குகிறார். எதிர்ப்பு இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, தயக்கம் உங்கள் கணவருக்கு மட்டும் இருப்பதுதான் எனக்கு வியப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கோழி வளர்க்கவே அனுமதி இல்லை. தரைவீடுகளில், விற்பனை நோக்கமின்றி வளர்ப்பவர்கள் பத்துப் பறவைகள் வரை மட்டுமே வைத்திருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே நான்கு இருக்கும்போது பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்தால், அவற்றில் ஏழு பொரித்தாலே வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பொரிப்பதில் ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கும் என்பது. ஆறு குஞ்சுகள் பொரித்து ஆறும் பெட்டையாகவே அமைவதற்கு அறுபத்து நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. எனவே முட்டைகளை வாங்குவதற்கு முன்பே சேவல்கள் எங்கே போகப் போகின்றன என்பதைச் சொல்லிவிடுங்கள்; மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

பாட்டி சொன்னது:
நீண்ட முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உருண்டையாகப் பார்த்துப் பொறுக்கினால் போதாதா?

கணக்குப்பிள்ளை:
போதாது. பறவைகளில் பாலினத்தைத் தீர்மானிப்பது தாயின் கருமுட்டையில் இருக்கும் குரோமோசோம்; ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடைகாப்பானின் வெப்பத்தைக் குறைத்தால் பெட்டைகள் மிகும் என்று காணொளிகளில் சொல்வதும் பொய்தான். முதலையிலும் ஆமையிலும் வெப்பம் பாலினத்தை மாற்றலாம், கோழியில் மாற்றாது. வெப்பத்தை அப்படி மாற்றிப் பார்ப்பவர்கள் கருக்களைக் கொல்வதுதான் மிச்சம்.

கம்பத்துப் பேரன்:
நண்பர் கணக்குப்பிள்ளை சொல்வதெல்லாம் சரியே. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் இந்தத் தீவில் யாரும் இதுவரை கோழி பொரிக்கவைத்ததே இல்லை என்று தோன்றிவிடும். செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டி நம்மவர்கள் வாழ்ந்த காலத்தில் கோழிக்கூடு இல்லாத கம்பத்து (கிராமத்து) வீட்டைப் பார்ப்பதே அரிது. இடி இடித்தால் கரு கலைந்துவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போட்டு வைப்பார்கள். இரும்பு இடியைத் தடுத்ததோ இல்லையோ, குஞ்சுகள் பொரித்தன.

அம்மாவுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அடைகாப்பானோடு வரும் குறிப்பேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளை நினைத்து எழுதப்பட்டவை. முதல் 18 நாள்களுக்கு ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருக்க வேண்டும், அதற்கு நீர்த்தொட்டியை நிரப்புங்கள் என்று அவை சொல்லும். சிங்கப்பூர்க் காற்றை அப்படியே உள்ளே இழுத்து 37.5 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீர் ஊற்றாமலேயே ஈரப்பதம் ஏறத்தாழ ஐம்பதில் நிற்கும், ஏனென்றால் நம் காற்றில் அவ்வளவு நீராவி ஏற்கெனவே இருக்கிறது. இங்கே பலருக்கும் குஞ்சு முழுதாக வளர்ந்த பின் ஓட்டுக்குள்ளேயே இறந்துபோவதற்கு முக்கியக் காரணம், குறிப்பேட்டை நம்பி நீர் ஊற்றுவதுதான். முட்டை தன் எடையில் 11 முதல் 13 விழுக்காட்டை 18 நாள்களில் ஆவியாக இழக்க வேண்டும். இழக்காவிட்டால் உள்ளே காற்றறை போதிய அளவுக்கு விரியாமல், மூச்சுவிடத் தொடங்கும் நேரத்தில் குஞ்சு திணறிவிடும். சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்தாலே போதும். குளிரூட்டிய அறையில் வைத்தால் கதை மாறும். அங்கே ஈரப்பதம் முப்பதை ஒட்டி இறங்கிவிடும் என்பதால் கொஞ்சம் நீர் தேவைப்படும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றி, மூடியைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். ஓட்டில் முதல் கீறல் விழுந்ததிலிருந்து குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். பிள்ளைகள் ஓட்டைப் பிய்த்து உதவ நினைப்பார்கள், விடாதீர்கள்.

இரவுப்பணி:
அடைகாப்பானின் ஈரப்பதத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதும் நண்பர், அண்டை வீட்டுக்காரரின் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் பணி முடிந்து வந்து படுப்பது அதிகாலை 4 மணிக்கு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளர்க்கப்படும் சேவல் 5 மணிக்குத் தொடங்கிவிடுகிறது. அதை இருட்டான பெட்டியில் அடைத்துவைத்தால் கூவாது என்று உரிமையாளர் சொன்னார். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளிச்சம் மாறாத அறையில் வைத்தாலும் சேவல் தன் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி விடியலை எதிர்பார்த்துக் கூவுகிறது. பெட்டி எதற்கும் உதவாது.

2017இன் தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளை அப்போதைய வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கொன்றதும், அதற்குப் பொதுமக்களிடையே எழுந்த எதிர்ப்பும் பலருக்கு நினைவிருக்கும். அது இரைச்சல் குறித்த புகார்களிலிருந்து தொடங்கிய விவகாரம். அன்று கோழிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே நான் கோழிகளின் பகைவன் அல்லன். கூவும் என்று தெரிந்தே சேவல்களை உண்டாக்குவதைத்தான் எதிர்க்கிறேன், ஏனென்றால் கடைசியில் தண்டனை பறவைக்குத்தான் கிடைக்கிறது.

செம்பவாங் தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் சேவல் குஞ்சு என்ற சிக்கல் வீட்டில் பொரிப்பவர்களால் மட்டும் உண்டாவதைப் போல எழுதுவதை ஏற்க முடியவில்லை. நாம் கடையில் வாங்கும் முட்டை ஒவ்வொன்றின் பின்னாலும் அது இருக்கிறது. முட்டையினக் கோழிகளின் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடுவதில்லை, கறிக்கும் வேகமாக வளர்வதில்லை என்பதால், உலகின் பல பொரிப்பகங்களில் பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் இதைத் தடைசெய்து, முட்டைக்குள்ளேயே பாலினம் கண்டறியும் முறைக்கு மாறியிருக்கிறது. சேவல்களை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரோ முடித்துவைத்தால் அது ஒழுக்கம், நான் அவற்றைப் பொரிக்கவைத்து அவற்றுக்கு இடம் தேடினால் பொறுப்பின்மை என்பது என்ன நியாயம்?

கணக்குப்பிள்ளை:
வலுவான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் குஞ்சு பொரிப்பதால் அந்தப் பொரிப்பகங்களில் ஒரு குஞ்சுகூட உயிர்தப்பப் போவதில்லை. அங்கே நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும். அதோடு உங்கள் பின்கட்டில் இன்னும் சில சேவல்கள் சேரும். "இடம் தேடினால்" என்கிறீர்கள். தேடிவிட்டீர்களா, இனிமேல்தான் தேடப் போகிறீர்களா?

பறவை நோக்குநர்:
இடம் கிடைக்காதபோது பலர் கண்டுபிடிக்கும் இடம் பூங்கா என்பதால் குறுக்கிடுகிறேன். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது இங்கே குற்றம். முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டத்தை விடுங்கள். உலகின் வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முக்கிய மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி புலாவ் உபின் தீவு உள்ளிட்ட இடங்களில் இன்னும் இயற்கையாக வாழ்கிறது. சாம்பல் கால்களும் காதோரம் வெண்திட்டும் கொண்ட அந்தச் சேவலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடப்பட்ட நாட்டுச்சேவல்கள் அவற்றோடு கலந்தால் காட்டினத்தின் தூய மரபு கரைந்துபோகும். பிறகு எந்தச் சட்டத்தாலும் அதை மீட்க முடியாது.

நோய்த்தடுப்பு:
சுருக்கமாக ஒன்று. குஞ்சுகளை முத்தமிடுவதும் முகத்தோடு அணைத்துக்கொள்வதும் பிள்ளைகளுக்கு சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி தொற்றும் வழிகள். தொட்டதும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். இந்த ஊரின் ஈரத்தில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் நோய் எளிதில் வரும் என்பதால், தரையில் விரித்த மரத்தூள் நனைந்தால் அன்றே மாற்றுங்கள்.

செம்பவாங் தோட்டம்:
நோய்த்தடுப்பு சொன்னதைக் குறித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை ஐயா, இன்று முட்டை தருவதாகச் சொன்ன நண்பரிடம் பேசினேன். சேவல்களை அவரே திரும்பப் பெற்றுக்கொள்வதாக உறுதியளித்திருக்கிறார். முட்டைகளையும் ஆறாகக் குறைத்துவிட்டேன். ஆறும் பொரித்தாலும் என்னிடம் பத்துதான் இருக்கும். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நண்பரும் தரைவீட்டில்தானே இருக்கிறார்? அவரிடம் இப்போது எத்தனை பறவைகள் இருக்கின்றன?

செம்பவாங் தோட்டம்:
ஒன்பது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஒரு சேவலுக்குத்தான் அங்கே இடம் இருக்கிறது. உங்கள் ஆறு முட்டைகளில் சராசரியாக மூன்று சேவல்கள்.

இரவுப்பணி:
மற்ற இரண்டும் உங்கள் தெருவில் கூவும். உங்கள் அண்டை வீட்டாரின் கருத்தையும் இங்கே எழுதச் சொல்லுங்கள்.

கம்பத்துப் பேரன்:
இரண்டு முட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அம்மா. ஒன்றை மட்டும் பொரிக்கவைத்தால் துணையில்லாத குஞ்சு நாள் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும். இரண்டு என்றால் பிள்ளைகளும் பார்க்கலாம், குஞ்சுகளும் ஒன்றையொன்று அண்டிக்கொள்ளும். இரண்டு முட்டைகளுக்காக மின் அடைகாப்பான் வாங்குவது வீண்செலவு. உங்கள் நான்கில் அடைக்குப் படுக்கும் குணமுள்ள கோழி ஏதும் இருக்கிறதா? இருந்தால் வெப்பம், ஈரப்பதம், முட்டை திருப்புதல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டும் சேவலாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். ஆனால் ஆறுக்கு இது எவ்வளவோ மேல்.

செம்பவாங் தோட்டம்:
சில்கி இனக் கோழி ஒன்று இருக்கிறது. ஒரு வாரமாக வெறுங்கூட்டில் படுத்துக்கொண்டு, முட்டை எடுக்கக் கைநீட்டினால் கொத்துகிறது. சனிக்கிழமை நண்பரிடமிருந்து இரண்டு முட்டைகள் வாங்கி, இருட்டிய பிறகு அதன் அடியில் வைக்கிறேன். இரண்டாவது சேவல் வந்தால் அதற்கு யார் வீட்டில் இடம் என்பதை அதற்கு முன்பே என் கணவர் விசாரித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிடைக்காவிட்டால் ஒரு முட்டைகூட வைப்பதில்லை என்பது அவருடைய நிபந்தனை.