வேலைநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புதிதாக என்ன சமைக்கலாம்?

ரங்கூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். வேலை முடிந்து வீடு வந்து சேர மாலை ஆறரை மணி ஆகிவிடுகிறது. எட்டு மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். ரசம், பருப்புக் குழம்பு, முட்டைப் பொரியல் என்று மாற்றி மாற்றிச் சமைத்ததில் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. தட்டைப் பார்த்ததும் அவர்கள் முகம் வாடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பள்ளித் தோழிகள் வீட்டில் சாப்பிடுகிற பர்மியச் சமையலை நம் வீட்டிலும் செய்யக் கூடாதா என்று மூத்தவள் கேட்கிறாள்.

மாமியார் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மீன், கருவாடு, நாப்பி (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) எதையும் தொடமாட்டார். மின்சாரம் முறை வைத்து வருவதால் எரிவாயு அடுப்பை நம்பித்தான் சமைக்கிறேன். சென்ற புதன்கிழமை ஓனோ கௌசுவே (தேங்காய்ப்பால் ஊற்றிய கோழி நூடுல்ஸ்) செய்து பார்த்தேன். தேங்காய்ப்பால் திரிந்து போயிற்று, சாப்பிட ஒன்பதரை மணி ஆயிற்று. முக்கால் மணி நேரத்தில் முடிகிற, வீட்டார் அனைவரும் ஏற்கிற சமையல் எதுவும் உண்டா?

தட்டோன் அத்தை:
மகளே, கௌசுவே வேலைநாள் சமையல் அன்று. கோழியை வெங்காயம், பூண்டு, மஞ்சள் சேர்த்து வதக்கி வேகவைப்பதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கோழி வரைக்கும் சமைத்து வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை இரவு அது எளிது. தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டதால்தான் திரிந்திருக்கும். கடலை மாவைக் கரைத்து ஊற்றிக் குழம்பு கெட்டியான பிறகு, தீயைக் குறைத்து, கடைசியில் பாலைச் சேர்த்து, ஓரங்களில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சையைத் தட்டில்தான் பிழிய வேண்டும், சட்டியில் அன்று.

உன் வீட்டுக்கு நான் சொல்வது சின்பவுங் வறுவல். நம் புளிச்சக்கீரைதான் அது. சந்தையில் எந்நாளும் கிடைக்கிறது. நால்வருக்குக் கால் வீசை, அதாவது ஏறத்தாழ 400 கிராம் இலை வேண்டும். சட்டியில் மலைபோலத் தெரிந்தாலும் சிறிது நேரத்தில் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். எண்ணெயைச் சற்றுத் தாராளமாக விட்டு, வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகாய்த் தூள் ஆகியவற்றைப் பச்சை வாசனை போக வதக்கி, கீறிய பச்சை மிளகாயோடு இலையைப் போட்டுக் கிளறினால் பத்து நிமிடத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். மற்ற நாள்களில் இடித்த காய்ந்த இறாலை வெங்காயத்தோடு சேர்த்துக்கொள். செவ்வாய், வெள்ளியில் அதற்குப் பதிலாக வேகவைத்த மூங்கில் குருத்தைச் சேர்த்தால் மாமியாரும் மனம் நிறையச் சாப்பிடுவார். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம். இலையின் புளிப்புக்கு அது ஒத்துவராது. பக்கத்தில் காரமில்லாத கட்டிப் பருப்பு வைத்தால் சிறுபிள்ளைகளும் புளிப்பென்று ஒதுக்கமாட்டார்கள்.

பெகு வாசகர்:
அத்தை சொன்ன கீரையை நானும் வழிமொழிகிறேன். ஆனால் பிள்ளைகளுக்கென்றால் பர்மாவின் ஷான் மக்களின் தொஹு நுவேயைத்தான் முதலில் சொல்வேன். சோயாவில் செய்யும் தொஹு (டோஃபு) வேறு. இது வெறும் கடலை மாவும் தண்ணீரும்தான். உறைய வைக்காமல், கூழ் பதத்தில் சூடாக, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுவது நுவே. மீனோ இறைச்சியோ இல்லாததால் வெள்ளிக்கிழமைக்கும் தடையில்லை.

இரண்டு கிண்ணம் கடலை மாவை ஆறு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, நிலக்கடலையை ஒன்றிரண்டாக இடித்து, நூடுல்ஸை வேகவைத்துக்கொள்ளலாம். பின்பு மாவை வடிகட்டி, மிதமான தீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று கெட்டியாகும். அப்போது கையை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கடலை மாவின் பச்சை வாசனை முற்றிலும் போகும்வரை, ஏறத்தாழ கால் மணி நேரம், கிளறியாக வேண்டும். பாதியை எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். மீதியில் ஒரு கிண்ணம் வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து இளக்கி, நூடுல்ஸ் மேல் ஊற்றி, பூண்டு எண்ணெய், சோயா சாறு, மிளகாய்த் தூள், நிலக்கடலை, கொத்தமல்லி ஆகியவற்றைத் தூவிப் பரிமாறுங்கள். பிள்ளைகள் தட்டில் மிளகாயை விட்டுவிடலாம். தட்டில் ஊற்றிய பாதி காலைக்குள் உறைந்துவிடும். மறுநாள் அதைத் துண்டு போட்டுப் பொரித்து, புளிச் சட்னியோடு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஒரே உழைப்பில் இரண்டு இரவுகள் கடந்துவிடும்.

மாவு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாலட்டில் தூவுவதற்கென்று வறுத்த கடலை மாவையும் கடைகளில் விற்கிறார்கள். அதில் தொஹு சரியாக உறையாது. பச்சை மாவென்று கேட்டு வாங்குங்கள்.

மோல்மேன் ஆசிரியை:
என் கருத்து சற்று மாறுபட்டது. புதிய சமையலை வேலைநாளில் முதன்முறையாகச் செய்து பார்க்க வேண்டாம். ஞாயிறு பகலில் ஒருமுறை செய்து கை பழகிய பின் வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதுவரை, முதல் நாள் இரவே ஊறவைத்த பட்டாணியைக் காலையில் வேகவைத்து வைத்துவிட்டு, இரவில் வெங்காயம் வதக்கி, மீந்த சோற்றோடு சேர்த்துப் புரட்டிக் கொடுங்கள். இந்தப் பேபியோ (வேகவைத்த பட்டாணி) சோறு அறியாத பிள்ளை இந்த நாட்டில் இல்லை.

ரங்கூன்வாசி:
மூவருக்கும் என் நன்றி. ஆசிரியை சொன்னபடி ஞாயிறு பகலில் தொஹு நுவே செய்தேன். வியாழன் இரவு மறுபடியும் செய்தபோது ஏழரை மணிக்கெல்லாம் பரிமாறிவிட்டேன். இளையவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். மாமியார், சோயா சாற்றை விட்டுவிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டச் சொன்னார். அதுவும் மிகச் சுவையாக இருந்தது. ஒரே ஒரு குறை: தட்டில் ஊற்றியது உறைந்தாலும், பொரிக்கும்போது சில துண்டுகள் உடைந்து எண்ணெய் தெறித்தது.

பெகு வாசகர்:
துண்டுகளில் நீர் கசிந்திருக்கும். வெட்டிய பின் துணியில் அரைமணி நேரம் பரப்பி வைத்து ஈரம் போக்கிவிட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் மூன்று நான்காகப் போடுங்கள். ஒரு பக்கம் சிவக்கும்வரை கரண்டியால் தொடாதீர்கள். மாமியாரின் தாளிப்பை இந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் செய்து பார்க்கிறேன்.