8-ஆம் நாளுக்குப் பிறகு லாக்டேட் ஏறுகிறது: ஃபீடின் அளவைக் கூட்டலாமா?

கேள்வி

ஆன்டிபாடி தயாரிக்க ஜிஎஸ் வகை சிஎச்ஓ செல் (சீன வெள்ளெலியின் கருப்பைச் செல்), 14 நாள் ஃபெட்-பேட்ச் (இடையிடையே ஊட்டம் சேர்த்து வளர்க்கும் முறை). 3-ஆம் நாள் முதல் தினமும் கொள்ளளவில் 3% ஃபீட், அதாவது செறிந்த ஊட்டக் கரைசல் (பிஎச் 7.0). குளுக்கோஸ் லிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே போவதில்லை. 8-ஆம் நாள் மி.லி.க்கு 1.4 கோடி செல், வயபிலிட்டி (உயிருள்ள செல்களின் பங்கு) 94%. அதன்பின் செல் வெளியிடும் கழிவான லாக்டேட் லிட்டருக்கு 0.8 கிராமிலிருந்து 2.6-க்கு ஏறுகிறது, 11-ஆம் நாள் வயபிலிட்டி 78%, ஆன்டிபாடியும் கூடுவதில்லை. அம்மோனியா 3 மில்லிமோலார், ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள்களின் செறிவு) 390. குளிர்பெட்டியில் இருக்கும் ஃபீட் பாட்டிலின் அடியில் வெள்ளையாக மணல்போல் படிகிறது. ஃபீடை 5% ஆக்கினால் சரியாகுமா?

மறுமொழி 1

ஆகாது. செல்லுக்கு டைரோசின் என்ற அமினோ அமிலம் போதாததே காரணமாக இருக்கலாம். அந்த வெள்ளை மணல் பெரும்பாலும் அந்த டைரோசின்; இன்னொரு அமினோ அமிலமான சிஸ்டினும் சேர்ந்திருக்கும். நடுநிலை பிஎச்சில், 25 டிகிரியில், டைரோசின் லிட்டருக்கு 0.45 கிராம்தான் கரையும், ஏறக்குறைய 2.5 மில்லிமோலார். அதில் 3% ஊற்றினால் கல்ச்சருக்குக் கிடைப்பது 0.075 மில்லிமோலார். ஒரு செல்லுக்கு நாளொன்றுக்கு 0.07 பிகோமோல் என்று வைத்தாலே 1.4 கோடி செல்லுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமோலார் வேண்டும். 3%, 5% என்று பேசிப் பயனே இல்லை.

டைரோசினைத் தனி பாட்டிலுக்கு மாற்றுங்கள். டைசோடியம் டைரோசின் டைஹைட்ரேட் (டைரோசினின் சோடியம் உப்பு) லிட்டருக்கு 26 கிராம் என்றால் 100 மில்லிமோலார். பிஎச் 11-க்கு மேல் இருக்கட்டும். தினமும் 1% போதும். மெதுவாக, நன்கு கலங்கும் இடத்தில் விடுங்கள்; பிஎச் அளக்கும் புரோபுக்குப் பக்கத்தில் விட்டால் கன்ட்ரோலர் தேவையில்லாமல் கார்பன் டைஆக்சைடைத் திறந்துவிடும். இதை முதன்மை ஃபீடோடு ஒரே குழாயில் செலுத்தினால் குழாய்க்குள்ளேயே படியும்.

கேட்டவர்

சரி. ஆனால் டைரோசின்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது? காப்பர் குறைவாக இருந்தாலும் லாக்டேட் ஏறும் அல்லவா?

மறுமொழி 2

ஏறும். காப்பர் குறைந்தால் மைட்டோகாண்டிரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் தளர்ந்து, செல் லாக்டேட்டைத் திரும்ப உண்ணாது. அதற்காகக் காப்பரை அள்ளிப் போடவும் கூடாது. ஆன்டிபாடியின் கன சங்கிலியின் முனையில் புரோலின் அமைடு கூடி, காரத்தன்மையுள்ள சார்ஜ் வேரியன்ட் (மின்னேற்றம் மாறுபட்ட வடிவம்) பெருகும்.

7-ஆம் நாள் கல்ச்சரை ஷேக் ஃபிளாஸ்க்குகளில் பிரித்து, ஒன்றில் டைரோசின் 2 மில்லிமோலார், ஒன்றில் காப்பர் சல்ஃபேட் 5 மைக்ரோமோலார், ஒன்றில் இரண்டும் விடுங்கள். டைரோசின் உப்போடு சோடியமும் போவதால், அதே ஆஸ்மோலாலிட்டிக்கு உப்பு மட்டும் சேர்த்த ஃபிளாஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும். 48 மணி நேரத்தில் விடை தெரியும்.

5 முதல் 10-ஆம் நாள் வரை செலவான ஊடகத்தில் அமினோ அமிலங்களையும் அளந்து பாருங்கள். உறையவைத்த மாதிரியை 37 டிகிரியில் சூடாக்கி, நன்கு குலுக்கிய பிறகே எடுக்கவும். இல்லாவிட்டால் குழாயின் அடியில் தங்கிய டைரோசின் கணக்கில் வராது, பொய்யாகப் பூஜ்ஜியம் காட்டும்.

மறுமொழி 1

டைரோசின் உண்மையிலேயே தீர்ந்திருந்தால் உற்பத்தி அளவோடு பிரச்சினை முடியாது. ஆன்டிபாடியில் டைரோசின் வர வேண்டிய இடத்தில் செல் ஃபெனைல்அலனினையோ ஹிஸ்டிடினையோ வைத்துவிடும். 9-ஆம் நாளுக்குப் பிந்தைய அறுவடையை பெப்டைடு மேப்பிங்குக்கு (புரதத்தைத் துண்டாக்கி அமினோ அமில வரிசையைச் சரிபார்க்கும் சோதனை) அனுப்புங்கள்.

கார பாட்டில் ஒத்துவராவிட்டால் பாஸ்போடைரோசின் டைசோடியம் உப்பைப் பயன்படுத்தலாம். நடுநிலையிலேயே நன்றாகக் கரையும். ஆனால் செல் அதை உடைக்கும்போது பாஸ்பேட் சேரும், ஆகவே ஃபீடில் இருக்கும் பாஸ்பேட்டை அந்த அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.